அப்புத்தளையில் ஆந்தைக் கணக்கு

இலங்கையில் புள்ளி ஆந்தை கிடையாது. மேட்டுப்பாளையத்தில் எங்கள் தெருப் புளியமரப் பொந்தில் குடும்பமாகக் குடியிருந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் கிரீச் கிரீச்சென்று சண்டை பிடிக்கும் அந்தச் சின்ன ஆந்தையைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஊர் குறைவு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்த காலத்தில் என் பாட்டனின் அப்பா அதைத் தாண்டிப் போனார். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு என் அப்பா அதே கடலைத் தாண்டித் திரும்பி வந்து கோத்தகிரியில் இறங்கினார். ஆந்தை மட்டும் எந்தப் பக்கமும் தாண்டவில்லை.

புள்ளி ஆந்தைக்கு அமெரிக்காவில் ஒரு பங்காளி உண்டு. வளை ஆந்தை என்று சொல்லலாம். மரமில்லாத புல்வெளியில் வாழ்வதால் தரைக்குள் குடியிருக்கும். வளையைப் பெரும்பாலும் அது தோண்டுவதில்லை. தரை அணிலோ, நாய் என்று பெயர் பெற்ற 'புல்வெளி நாய்' என்ற கொறித்துண்ணியோ தோண்டிவிட்டுப் போன வளையில் குடிபுகும். வாசலில் சாணத் துணுக்குகளைக் கொண்டுவந்து பரப்பி வைக்கும். சாணத்துக்கு வண்டு வரும். வண்டை அது தின்னும். நீண்ட காலை ஊன்றிப் பட்டப்பகலில் வளை வாசலில் நிற்கும் என்பதால் அங்கே பூங்காக்களில் அதைக் கணக்கெடுப்பவர்களுக்குக் கண் போதும். பைனாகுலரை வைத்துக்கொண்டு வளை வளையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே போகலாம். இலங்கையின் ஊவா மலைகளுக்கு ஆந்தை எண்ணப் புறப்படும் முன் நான் படித்துவிட்டுப் போனதெல்லாம் அந்தக் கணக்கெடுப்பு முறைகளைத்தான். ஊவாவில் அதில் முக்கால் பங்கு உதவவில்லை. அங்கே ஆந்தையைக் காதால்தான் எண்ண வேண்டும்.

கொழும்பு நண்பர்கள் சிலர் ஊவாவின் பதுளை மாவட்டத்தில் தங்கமலைச் சரணாலயத்தைச் சுற்றி ஆந்தைகளைக் குறித்துவரப் போகிறோம், வருகிறாயா என்று கேட்டார்கள். பங்குனி மாதம். அதற்குமேல் தள்ளிப்போட்டால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பிவிடும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன வாசனையைக் கொடுப்பது அந்த வறண்ட காற்றுத்தான், ஆனால் அது வீசும் இரவில் பக்கத்தில் நிற்பவர் இருமுவதே கேட்காது.

நான் முதலில் பதுளைக்குப் போய் அங்கிருந்து மேலே ஏறினேன். பண்டாரவளைக்கு 1894இல் வந்துவிட்ட ரயில், பதுளையை எட்ட 1924 ஆனது. அந்த முப்பது வருடத் தாமதத்துக்கான ஒரு காரணம் ஜன்னல் வழியே தெரியும்: தெமோதரையில் தண்டவாளம் மலையைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. பதுளை ஊரில் நான் பார்க்க விரும்பியது தூய மாற்கு தேவாலயம் ஒன்றைத்தான். மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டிய கோயில் அது. அவர் சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பார்கள். இந்த மலைகளில் முதலில் எடுத்த விலங்குக் கணக்கு அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறையையும் இடி விடவில்லை என்று ஊரில் பேச்சு. யானைகள் பாவம் சும்மா விடுமா என்று ஆட்டோ ஓட்டிய தம்பி சொன்னார். எனக்கு மறுத்துச் சொல்ல மனம் வரவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் எல்லோரும் ரொஜர்ஸ் இல்லை. அப்புத்தளைப் பக்கம் காப்பித் தோட்டம் பார்த்த சாமுவேல் பிளை என்பவர் பறவைப் பைத்தியம். லெக் என்ற ராணுவ அதிகாரி 1880இல் முடித்த இலங்கைப் பறவைகள் வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பிளையின் தகவல்கள் அடிக்கடி வரும். மலையோடைகளில் சீழ்க்கையடித்துத் திரியும் கருநீலப் பூங்குருவி ஒன்றுக்கு அவர் பெயரையே அறிவியல் பெயராக வைத்திருக்கிறார்கள். 1868இல் தெரியவந்த அந்தக் குருவிக்குப் பிறகு இலங்கையில் புதிய பறவையினம் ஒன்றுமே அகப்படவில்லை. நூற்றிமுப்பது வருடத்துக்கு மேல் அப்படியே போயிற்று. எல்லாம் கண்டுபிடித்தாயிற்று என்றுதான் புத்தகம் எழுதுகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

அடுத்து அகப்பட்டது ஓர் ஆந்தை. பறவைக் குரல்களைப் பதிவுசெய்து பழகிய தீபால் வரகாகொட, 1995இல் கித்துள்கல மழைக்காட்டில் தனக்குத் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். சின்னதாக, நடுங்கினாற்போல் ஒற்றை ஒலி. தீவின் ஆந்தைக் குரல்கள் எல்லாம் மனப்பாடமாக இருந்த மனிதர் என்பதால்தான் 'இது எதுவும் இல்லை' என்று சொல்ல முடிந்தது. குரலுக்குரிய பறவையை அவர் சிங்கராஜ வனத்தில் நேரில் பார்த்தது 2001 ஜனவரி 23ஆம் தேதி. நடுவில் ஆறு வருடம் காது மட்டுமே சாட்சி. செம்பழுப்பு நிறம், காதுக் குஞ்சம் ஏறக்குறைய இல்லாத குட்டி ஆந்தை. 2004இல் அவரும் பமேலா ராஸ்முசனும் சேர்ந்து அறிவியல் பெயர் வைத்தபோது, சிங்கராஜ வனத்தை மரம் வெட்டுபவர்களிடமிருந்து காக்கப் போராடிய தீலோ ஹொஃப்மன் பெயரை வைத்தார்கள். அந்த ஆந்தை தென்மேற்குத் தாழ்நில மழைக்காட்டுக்குரியது, ஊவாவில் கிடைக்காது. இருந்தாலும் இரவில் இலங்கைக் காட்டோரம் போய் நிற்கிற யாருக்கும் அந்தக் கதை உள்ளுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அப்புத்தளை ஒரு முதுகெலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் ஊவாப் பள்ளத்தாக்கு. மறுபக்கம் பார்த்தால் தரை திடீரென்று விழுந்து, தெற்குச் சமவெளி கடல்வரை கிடக்கிறது. ஊருக்கு மேற்கே ஆடிஷம் மாளிகை. தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டிய கல் வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். பழமுரப்பா விற்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. அங்கிருந்து இதல்கஸ்ஹின்ன பக்கம் நீளும் மலைமுகட்டுக் காடுதான் தங்கமலை. சிறிய சரணாலயம். கீழே இரண்டு பக்கமும் தேயிலை. அப்பா சொன்ன கதைகளில் காடு என்பது முடிவே இல்லாதது. கண்ணால் பார்த்த காடு, தேயிலைக் கடலுக்கு நடுவே ஒரு தீவு.

இருட்டிய பிறகு சரணாலயத்துக்குள் போக எங்களுக்கு அனுமதி இல்லை. எல்லையோரத் தோட்டப் பாதையில் இடைவெளி விட்டு விட்டு இடம் குறித்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்பது என்று ஏற்பாடு. முதலில் சில நிமிடம் சும்மா நிற்க வேண்டும். நம் கால் சத்தத்துக்கு அடங்கிய தவளையெல்லாம் மறுபடி வாய் திறக்கட்டும் என்பதற்கு. பிறகு கேட்பது. குரல் வந்தால் திசைமானியில் கோணம், நேரம், உத்தேசத் தூரம், காற்று, நிலா. அடுத்த இடத்தில் நின்று அதே குரலைக் கேட்டால் அந்தக் கோணத்தையும் வரைந்து, இரண்டு கோடும் வெட்டிக்கொள்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆந்தை மூன்று ஆந்தையாகிவிடும். டார்ச் அடிக்கக் கூடாது. பேசக் கூடாது. கொட்டாவியைக்கூடக் கையை வைத்து அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆந்தையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு, பதில் குரல் கொடுக்கிறதா என்று பார்க்கிற முறையும் உண்டு. வேலை சுலபமாக முடியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பங்குனியில் முட்டையோ குஞ்சோ இருக்கிற நேரத்தில் வாசலில் வந்து எவனோ சவால் விட்டால், உள்ளே இருப்பது கூட்டை விட்டு எழுந்துதான் வரும். எங்கள் குழுவில் இது பற்றி வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஒலிபெருக்கியைப் பையிலேயே வைத்தார்கள்.

காதை நம்பி நிற்பதில் ஒரு வம்பு இருக்கிறது. இலங்கை மலைக்காடுகளில் புதர்த்தவளை வகைகள் ஏராளம். மழை ஈரத்தில் டிக் டிக், டொக் டொக் என்று இலைக்கு இலை கத்தும். குஞ்ச ஆந்தை 'வக்?' என்று ஒற்றைக் கேள்வி கேட்கும்போது அது தவளையா ஆந்தையா என்று புதியவர்களால் சொல்ல முடியாது. எனக்குப் பக்கத்தில் நின்ற கொழும்புப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தொடையில் தாளம் போட்டபடி நின்றார். தவளை தாளம் தவறும், ஆந்தை தவறாது என்று பிறகு விளக்கினார். அட்டை என் கணுக்காலில் ஏறியது தெரிந்தும் குனியாமல் நின்றேன். சவர்க்காரத்தைக் குழைத்துக் காலில் பூசிக்கொண்டு போனால் ஓரளவு ஏறாது. ஓரளவுதான்.

அந்த இருட்டில் எங்களைப் பிடித்தவர் ஒரு வாச்சர். தோட்டத்தில் வாச்சர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையில் சாக்குக் கொங்காணி, கையில் அணைத்த டார்ச்.

"எங்க தம்பி, இந்த நேரத்துல?"

"ஆந்தை எண்ண வந்திருக்கோம் அய்யா."

"ஆந்தைய எண்ணி என்னா செய்யப் போறீங்க? கோழியின்னாலும் விக்கலாம்."

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கூட்டிப்போய் முன்வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்தார்கள். மருமகள் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் வைத்தார். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். இஸ்தோப்பிலிருந்து பார்த்தால் தேயிலை மலை முடிகிற இடத்தில் காடு கறுப்புச் சுவராக நின்றது. நாங்கள் கொழும்பிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வந்து நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். வாச்சர் அய்யா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், நாற்பது வருடம் இரவுக் காவல் பார்த்தவர்.

"இங்க மூணு சாதி கத்தும் தம்பி. ஒண்ணு கீழ ஓடையில, மழை விட்ட பொறகு பூம்... பூம்னு, பெரிய ஆளு. தவக்கா, நண்டு பிடிக்க வரும். ஒண்ணு காட்டுத்தொங்கல்ல, ஊஹூஹூன்னு இழுக்கும். அது ஜோடியாத்தான் இருக்கும், ஒண்ணு கூப்பிட்டா மத்தது பதில் சொல்லும். இன்னொண்ணு சின்னது. பகல்லயே கத்தும். அது ஆந்தையே இல்லன்னு பொடியன்க சொல்லுவானுக, நான் பாத்திருக்கேன், ஆந்த மூஞ்சிதான்."

கொழும்புப் பெண்ணும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பழுப்பு மீன் ஆந்தை, பழுப்புக் காட்டாந்தை, செம்முதுகுச் சிற்றாந்தை. புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் போட்டிருப்பதை இடத்தோடும் நேரத்தோடும் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். கடைசியாகச் சொன்னதுதான் உலகில் வேறெங்கும் இல்லாமல் இலங்கையில் மட்டும் வாழ்வது.

"சாக்குருவி வருமா அய்யா?" என்று கேட்டேன். அப்பா அந்தப் பெயரைச் சொல்லிப் பயம் காட்டியிருக்கிறார். சிங்களவர்கள் அதை உலமா என்பார்கள். புருஷன் பிள்ளையைக் கொன்று கறி சமைத்துக் கொடுக்க, தெரியாமல் தின்றுவிட்டுக் காட்டுக்குள் அலறி ஓடிய தாயின் குரல் அது என்று கதை. கண்டி ராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்தில், இரவில் பிசாசு நாய் குரைப்பதுபோல் கூச்சலிடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெரிய காட்டுக் கொம்பன் ஆந்தையின் அலறல்தான் இத்தனை கதைக்கும் மூலம் என்பது பறவை நோக்கர் பலரின் கணிப்பு. ராசாளியாக இருக்கலாம் என்பாரும் உண்டு.

வாச்சர் அய்யா சிரித்தார். "வரும். வருசத்துல ரெண்டு மூணு தரம். எங்க அம்மாயி அது கத்துனா சாவு விழும்னு வெளக்குமாத்தத் தூக்கி வாசல்ல போடும். நாப்பது வருசமா கேக்குறேன். அது கத்துன அன்னிக்கெல்லாம் சாவு விழுந்திருந்தா இந்த லயத்துல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம்."

பிறகு அவராகவே சொன்னார். மழைக்காலத்தில் ராத்திரி முழித்துக் கிடப்பது ஆந்தைக்காக இல்லை. மலைக்காக. 2014 அக்டோபர் 29 காலையில் இதே மாவட்டத்தில், கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்கிற இரவில் யாரும் அயர்ந்து தூங்குவதில்லை. கல் உருளுகிறதா, கானில் தண்ணீர் திடீரென்று நின்றுபோகிறதா, தவளை சத்தம் ஒரேயடியாக அடங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார்கள். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட மழைக்கு முந்திய காற்றும் மழைக்குப் பிந்திய காற்றும் சத்தத்தில் வேறு வேறு. பறவை நோக்கர்கள் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்துப் பெறுகிற காதை, பயம் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டது.

எங்கள் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 'கேட்டவர்' என்ற கட்டத்தில் குழுவினர் பெயரை மட்டுமே எழுத வேண்டும் என்று விதி. வாச்சர் அய்யா சொன்னதை எங்கே எழுதுவது என்று கேட்டேன். 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதலாம், ஆனால் எண்ணிக்கையில் சேராது என்றார்கள். கணக்கெடுப்பு முறை என்று பார்த்தால் அது சரிதான். ஒரே நேரத்தில் ஒரே விதமாகக் கேட்டதைத்தான் ஒப்பிட முடியும். ஆனால் மீன் ஆந்தை ஓடைக்கு வரும் நேரம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் அந்த நேரத்துக்கு அங்கே போய் நின்றோம்; பூம் என்ற முதல் குரல் மழை விட்ட கொஞ்ச நேரத்தில் வந்தது. அது எங்கள் பெயரில் பதிவாயிற்று.

சிற்றாந்தையைப் பகலில் பார்த்தது தேயிலைக்கு நடுவே. நீலகிரியில் நாங்கள் சில்வர் ஓக் என்று சொல்கிற நிழல்மரம் ஒன்று பட்டுப்போய் வெறும் கம்பமாக நின்றது. கொண்டைக்குருவி, வெள்ளைக்கண்ணி என்று சின்னப் பறவைகள் ஒரு கூட்டமே அதன் பக்கத்துக் கிளையில் கூடிக் கத்திக்கொண்டிருந்தன. ஆந்தை இருக்கிற இடத்தை அறிய இதைவிடச் சிறந்த வழி இல்லை. திருடனைக் கண்ட தெருக்காரர்கள் மாதிரி அவையே ஊரைக் கூட்டிவிடும். ஒரு சாண் உயரம்கூட இல்லாத பறவை. செம்மண் நிற முதுகு, மார்பில் குறுக்குக் கோடு, மஞ்சள் கண். கூச்சலைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் தலையைப் பின்பக்கம் திருப்பி எங்களைப் பார்த்தது. பிறகு எழும்பித் தாழ்ந்து, எழும்பித் தாழ்ந்து பறந்து காட்டுப் பக்கம் போயிற்று. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் நிமிர்ந்து, "அது நெதமும் இங்கதான் இருக்கும். அந்த ஓட்டையில" என்று காட்டினார்.

அந்த ஓட்டையை ஆந்தை குடையவில்லை. குக்குறுவானோ மரங்கொத்தியோ ஒரு பருவத்தில் குடைந்து, குஞ்சு பொரித்து, விட்டுப் போன வீடு. புல்வெளியில் தரை அணில் செய்கிற வேலையை இங்கே குக்குறுவான் செய்கிறது. குக்குறுவானுக்கோ உளுத்த மரம் வேண்டும். பச்சை மரத்தை அதன் அலகால் குடைய முடியாது. ஆகவே செம்முதுகுச் சிற்றாந்தைக்கு வீடு என்பது கடைசியில் ஒரு பட்டமரம். தோட்டத்திலோ பட்டமரம் என்றால் விறகு. தேயிலை ஸ்டோருக்கு விறகு வேண்டும், லயத்து அடுப்புக்கும் விறகு வேண்டும். கேஸ் சிலிண்டர் விலையைப் பார்த்தவர்கள் யாரும் அடுப்புக்காரியைக் குறை சொல்ல மாட்டார்கள். சரணாலயத்துக்குள் மரம் வெட்டினால் தண்டனை உண்டு. வெளியே பத்தடி தள்ளி ஆந்தையின் வீடு அடுப்புக்குப் போனால் அது யார் கணக்கிலும் வராது. எல்லைக் கல் மனிதனுக்குப் போட்டது. அந்தச் சிற்றாந்தை காட்டில் தூங்கித் தேயிலையில் வேட்டையாடுகிறதா, தேயிலையில் குடியிருந்து காட்டுக்குப் போய்வருகிறதா என்று எங்கள் படிவத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. அந்த அக்காவால் சொல்ல முடியும்.

தங்கமலையைக் காக்கிறவர்கள் காட்டை மட்டும் எண்ணினால் பாதிக் கணக்குத்தான் கிடைக்கும் என்பது என் முடிவு. சரணாலயத்தைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில், எல்லையோர வரிசையில் பட்ட நிழல்மரங்களைக் கொஞ்சம் விட்டுவைக்கச் சொல்லித் துரைமாரிடம் பேசலாம். அந்த விறகுக்கு ஈடாக லயத்துக்கு வேறு விறகு கொடுக்கவும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பேச்சுக்குப் பொருளில்லை.

அடுத்த முறை ஊவாவில் ஆந்தை எண்ணப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கச்சானுக்கு முன்னே போங்கள், சவர்க்காரம் எடுத்துக்கொள்ளுங்கள். படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அடித்துக்கொண்டு போய் எல்லையோர லயத்தில் முதலில் கொடுங்கள். 'கேட்டவர்' என்ற கட்டத்தில் அவர்கள் பெயரையும் எழுதுங்கள்.